பொட்டலத்துடன் ஒரு மடல்

பொருள் விற்பவர் எழுதவும் வேண்டுமா? நல்ல சரக்கைச் சரியான எடையில் கொடுத்து, காசை வாங்கி முடிந்தால் வாணிகக் கடமை முடிந்துவிடாதா? சென்ற ஓராண்டாக இவ்வினா எங்களை விட்டபாடில்லை. வணிகவியல் பாடநூலில் விளம்பரம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. அது சோப்புக்கும் சைக்கிளுக்கும் பொருந்துகிறது. பதினான்கு பெண்கள் சேர்ந்து புளியும் ராகி மாவும் விற்கும் ஒரு சிறு தொழிலுக்கு அது என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே நாங்களே ஆராய வேண்டியதாயிற்று.

நாங்கள் ஐவர். வணிகவியற் பிரிவில் பயில்கிறோம், விடுதியில் தங்கியிருக்கிறோம். எங்கள் ஊர் அரூர்ப் பக்கத்துச் சிற்றூர். எங்கள் ஐவரின் அன்னையரும் ஒரே மகளிர் சுய உதவிக் குழுவில் உறுப்பினர். இங்கு ஒரு செய்தியைப் பெருமையுடன் கூறிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாக மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதல் தோன்றியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். 1989ஆம் ஆண்டில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதனை இங்கே தொடங்கியது. அப்போது கிருஷ்ணகிரியும் நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அது தனி மாவட்டமானது 2004இல். இன்று மாநிலமெங்கும் பரவியிருக்கும் குழுக்களுக்கு நம் மண்ணே நாற்றங்கால் எனலாம்.

எங்கள் அன்னையர் முதலில் புளி மண்டிக்காரருக்குக் கூலி வேலை செய்தவர்கள். ஓடு உடைத்து, நார் நீக்கி, சிறு சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனியெல்லாம் புளி ஏறிக் காந்தும். இரவில் சோறு பிசையும்போது எரியும். பின்னர் குழுவாக வங்கிக் கடன் பெற்று, மரத்துப் பழத்தைத் தாங்களே மொத்தமாக வாங்கத் தொடங்கினர். மாசி பங்குனியில் பழம் உலுக்குவார்கள். சித்திரைக்குள் வேலை முடியும். கொட்டை எடுத்த பூப்புளியை அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கட்டி, தருமபுரி, சேலம், ஓசூர், பெங்களூரு வரை அனுப்புகிறார்கள். புளி இல்லாத நாளில் ராகியை வறுத்து அரைத்து மாவாக்கி விற்பார்கள். மாதம் ஏறத்தாழ முந்நூறு பொட்டலம் போகும்.

சென்ற ஆவணியில் பெங்களூருக் கடை ஒன்று நாற்பது கிலோவைத் திருப்பி அனுப்பியது. காரணம்? “புளி கறுத்துவிட்டது, பழைய சரக்கு” என்றார்கள். அது அவ்வாண்டு மாசியில் உலுக்கிய பழந்தான். புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும்; காற்றும் வெப்பமும் பட நாளாக நாளாக நிறம் கறுக்கும். புளிப்பைத் தருவது டார்டாரிக் அமிலம். நிறம் மாறியதால் அது ஓடிப்போய்விடுவதில்லை. கிராமத்தில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும், குழம்புக்குப் பழம்புளியே நன்று என்பார். நாட்டு மருத்துவரும் பழம்புளியையே கேட்டு வாங்குவார். ஆனால், கடைக்காரருக்கு இதை யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. போக வர லாரி வாடகை நம் தலையில் விழுந்தது. அம்மாதத்து வங்கித் தவணைக்கு எங்களுள் ஒருத்தியின் அன்னை தம் தோட்டை அடகு வைத்தார். அதை மீட்டது தை மாதத்தில்.

ஆகவேதான் எங்களுக்கு அந்த எண்ணம் பிறந்தது. ஒவ்வொரு பொட்டலத்துடனும் ஒரு தாள் மடல் வைத்தால் என்ன? மாதம் ஒரு மடல். கைப்பேசி உள்ளவர்களுக்கு அதையே படமெடுத்தும் அனுப்பலாம். புளி எங்கே விளைந்தது, எப்படி வைத்துக்கொள்வது, ஏன் கறுக்கிறது என்று எழுதலாம். பெரிய விடுமுறையில் இதை அன்னையரிடம் சொன்னோம்.

அவர்கள் உடனே மகிழ்ந்து தலையாட்டிவிட்டார்கள் என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. பெரியம்மா ஒருவர், “பூக்கடைக்கு எதுக்குடி விளம்பரம்?” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். மற்றொருவர் அதற்கும் மேலே போனார். நம் தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தபோது, அதன் அருமையைச் சொல்லிவிட்டா கொடுத்தான் என்று கேட்டார். உண்மைதான். சாவைத் தள்ளிப்போடும் கனி என்பதை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொடுத்தான் என்றே புறநானூறும் பேசுகிறது. இந்த மாவட்டத்துப் பெண்களிடம் அதியமானை எதிர்த்து வாதிடுவது எளிதா? எங்களுள் துடுக்கானவள் மட்டும், “அதியமான் விற்கவில்லையே பெரியம்மா, சும்மாதானே கொடுத்தான்” என்றாள். எல்லாரும் சிரித்தனர். எனினும் முடிவு ஒன்றும் ஏற்படவில்லை.

பள்ளி திறந்ததும் நூலகத்தில் தேடினோம், ஆசிரியையும் உதவினார். வாணிகர் எழுதத் தொடங்கிய கதைகள் இத்தனை உண்டா என்று வியந்தோம். அமெரிக்காவில் ஜான் டீர் என்ற கலப்பைக் கம்பெனி 1895இல் உழவருக்கென்று ஓர் இதழைத் தொடங்கியது. ‘தி ஃபர்ரோ’ என்பது அதன் பெயர்; உழுசால் என்று பொருள். கலப்பையைப் புகழ்வதைவிட உழவரின் வேலைக்கு உதவும் செய்திகளுக்கே அதில் இடம் மிகுதி. அது இன்றும் வெளிவருகிறது! பிரான்சில் மிஷலின் என்ற டயர்க் கம்பெனி 1900இல் வண்டி ஓட்டிகளுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தது. அப்போது அந்நாட்டில் மோட்டார் வண்டிகளே மூவாயிரத்துக்கும் குறைவு. மக்கள் வண்டியில் தொலைவு போனால் டயர் தேயும் அல்லவா? என்ன சாமர்த்தியம்!

கடல் கடந்து போவானேன்? தலைவலிக்கு நாம் தடவும் அமிர்தாஞ்சனம் இருக்கிறதே, அதனைக் காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கினார். இசைக் கச்சேரிகளில் இலவசமாக விநியோகித்து அதனைப் பரப்பினார் என்பர். 1908இல் அதே பம்பாயில் ‘ஆந்திர பத்திரிகை’ என்ற வார இதழைத் தொடங்கினார். 1914இல் அது சென்னைக்கு வந்து நாளிதழாயிற்று. ஆண்டுகளைக் கவனியுங்கள். தைலத்துக்கும் ஏட்டுக்கும் நடுவே பதினைந்து ஆண்டு. சரக்கு முதலில் ஊரறிய நின்றது; எழுத்து பின்னால் வந்தது. தைலம் ஈட்டியது ஏட்டைத் தாங்கியது.

நம் தமிழ்நாட்டு எஸ். எஸ். வாசன் கதையோ வேறு விதம். திருத்துறைப்பூண்டியிற் பிறந்து சென்னைக்கு வந்தவர், விளம்பர முகவர், தபால் மூலம் பொருள்களை விற்றும் வந்தார். 1926இல் தொடங்கப்பட்டிருந்த ‘ஆனந்த விகடன்’ தள்ளாடியபோது, 1928இல் அதனை வாங்கினார். பிறகு அவர் தபாலில் என்ன விற்றார் என்பது யாருக்கு நினைவிருக்கிறது? எழுத்து, சரக்கை விழுங்கிவிட்டது. வாசனுக்கு அது நன்மையாயிற்று. எங்கள் அன்னையருக்கு அப்படி ஆனால் புளிக்கு யார் கொட்டை எடுப்பது?

இக்கதைகளைக் கொண்டுபோய் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் சொன்னோம். கதை கேட்பதில் அவர்களுக்கு விருப்பம் அதிகம். வேலை செய்துகொண்டே கேட்டார்கள். முடிவில் குழுத் தலைவியான சின்னம்மா கணக்குக் கேட்டார். தாள் ஒன்றுக்கு நகலெடுக்க இரண்டு ரூபாய். முந்நூறுக்கு அறுநூறு ரூபாய். அவர் உடனே அதனை எத்தனை நாள் கூலி என்று மாற்றிப் பார்த்தார். எங்கள் பாடநூலில் இல்லாத அந்த அலகுதான் உண்மையான அலகு என்று எங்களுக்குத் தோன்றியது. ஒரு பெண் இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் கொட்டை எடுத்த கூலியை, ஒரு தாள் திருப்பித் தருமா?

இடையில் சட்டம் பற்றியும் ஐயம் வந்தது. மாதந்தோறும் அச்சிட்டு வெளியிட்டால் பதிவு செய்ய வேண்டுமே என்று ஒரு தோழியின் அண்ணன் பயமுறுத்தினார். பார்த்தோம். 1867ஆம் ஆண்டின் பழைய அச்சகப் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அது பொதுச் செய்திகளையும் அவை பற்றிய கருத்துகளையும் தாங்கி வரும் பருவ இதழ்களைப் பற்றியது. புளியை எப்படி உலர்த்துவது என்பது பொதுச் செய்தி ஆகாது என்று நிம்மதி கொண்டோம்.

ஆனால் வேறொரு சட்டம் எங்களை நிறுத்திற்று. ராகி மாவைப் பற்றி எழுதும்போது, “சர்க்கரை நோய் தீரும்” என்று போட்டால் விற்பனை ஏறும் என்றார் ஓர் அத்தை. சந்தையில் பலர் அப்படித்தான் கூவுகிறார்கள். நீரிழிவு முதலிய நோய்களைக் குணமாக்கும் என்று மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டிலேயே தடுத்துவிட்டார்கள். உணவுப் பொருள்களுக்கு நோய் தீர்க்கும் என்று உரிமை கொண்டாடுவதை 2018ஆம் ஆண்டின் விதிகளும் தடுக்கின்றன. சட்டம் கிடக்கட்டும், அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால்? இதைக் கேட்டதும் அத்தை தாமே வேண்டாம் என்றுவிட்டார். சொல்வதற்கு உண்மையே போதுமான அளவு இருக்கிறது. நூறு கிராம் ராகியில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தியா முன்மொழிய, ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நாம் தினமும் உண்ணும் களிக்கு உலக மரியாதை!

இனித்தான் உண்மையான இடர் வருகிறது. “எல்லாம் சரி கண்ணு. நீங்க பன்னெண்டாவது முடிச்சிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் யாரு எழுதுறது?” என்று எங்களுள் ஒருத்தியின் அன்னையே கேட்டார்.

நாங்கள் விடை கூற முடியாமல் நின்றோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் தருமபுரி. நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பேருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. பெண்களை மட்டும் எண்ணினால் இன்னும் குறைவு. எங்கள் குழுவின் பதினால்வரில் ஐவர் கையெழுத்து மட்டும் போடுவார்கள். நால்வர் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். அவர்கள் பெயரால் அவர்களே படிக்க முடியாத ஒரு மடலை நாங்கள் எழுதி அனுப்புவதா? மாதந்தோறும் என்று வாக்களித்துவிட்டு, மூன்றாம் மாதத்தில் நின்றுபோனால் வாங்குபவர் என்ன நினைப்பார்? கடையே மூடிவிட்டது என்றல்லவா நினைப்பார்! (பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகைகள் மூன்றாம் இதழில் கண்மூடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்பதை இம்மலரைப் படிக்கும் பழைய மாணவியர் அறிவர்.)

இவ்விடத்தில் எங்களுக்குச் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே உள்ள சிட்டிலிங்கி நினைவுக்கு வந்தது. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் அங்கு வந்து, ஒரு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கியதை மாவட்டமே அறியும். அப்பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களின் தாண்டாக்கள் உண்டு. அவர்களுடைய பழைய தையல் வேலைப்பாடு ஒரு தலைமுறையில் மறைந்தே போய்விட்டது. மூத்த பெண்கள் ஓரிருவர் விரல்களில் மட்டும் மிச்சமிருந்தது. அவர்களிடமிருந்து இளையவர்கள் கற்றுக்கொள்ள, 2006இல் ‘போர்கை’ என்ற கைவினைப் பெண்கள் அமைப்பு உருவாயிற்று. போர்கை என்றால் அவர்கள் மொழியில் பெருமிதம். வாங்குபவர் யாராயினும் அச்சொல்லுக்குப் பொருள் கேட்பார். பொருளைச் சொன்னால் கதை முழுவதும் வந்துவிடும். வெளியூர் விளம்பரக்காரர் எவரும் அப்பெயரைச் சூட்டியிருக்க முடியாது. சொல்லத் தக்கது எழுதப் படிக்கத் தெரிந்தவரிடம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதற்கு அந்தத் தையலைவிட வேறு சான்று எதற்கு?

ஆகவே ஒரு மாறுதல் செய்தோம். முதலில் இரண்டு வாரம், வாங்குபவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று மட்டும் குறித்துவைக்கச் சொன்னோம். கைப்பேசியில் வந்தவை, சந்தையில் கேட்டவை எல்லாம் சேர்ந்து பதினேழு வினாக்கள். அவற்றுள் ஏழு, புளி கறுப்பதைப் பற்றியவை! நான்கு, ராகி மாவில் வண்டு வராமல் வைப்பது எப்படி என்பது. இரண்டு பேர், கொட்டையைத் தூக்கி எறிந்துவிடுகிறீர்களா என்று கேட்டிருந்தனர். (இல்லை, அதையும் வாங்கிப்போக ஆள் உண்டு.) ஒருவர்கூட, நாங்கள் மிக முக்கியம் என்று கருதியிருந்த ‘குழுவின் வரலாறு’ பற்றிக் கேட்கவில்லை. வாங்குபவருக்கு வேண்டியது விடை, வரலாறு அல்ல.

பின்பு அன்னையர் சொல்ல, நாங்கள் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, வந்து எழுதினோம். முதற்படியின் தொடக்கம், “இயற்கை அன்னையின் ஈடிணையற்ற கொடையாம் புளியின் புகழை இயம்பவும் இயலுமோ” என்றிருந்தது. வாசித்துக் காட்டியதும் அத்தை, “இது யாருக்குக் கண்ணு? கலெக்டருக்கா?” என்றார். இரண்டாம் படியில் அவர்கள் சொன்ன சொல்லே நின்றது. மடலின் முதல் வரி இப்போது இதுதான்: “புளி கறுத்திருக்குதேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க.” எங்கள் தமிழாசிரியைக்கு இவ்வரி முதலில் உவப்பாக இல்லை. பிறகு, வீட்டில் வாங்கிய புளிப் பொட்டலத்தில் அதைப் படித்த தம் மாமியார் ஒரே மூச்சில் முழுத் தாளையும் படித்துவிட்டதாக அவரே வந்து சொன்னார்.

மாதந்தோறும் என்ற திட்டத்தைக் கைவிட்டோம். ஆண்டுக்கு நான்கே மடல். பங்குனியில் புதுப்புளி வந்த செய்தி. வைகாசியில் வெயில் காட்டிக் கல்லுப்புச் சேர்த்து மண்பானையில் அழுத்தி வைக்கும் முறை. ஆடியில் ராகி மாவும் வண்டும். ஐப்பசியில் மீண்டும் நிறத்தைப் பற்றி. முதல் மடலுக்கு மட்டும் முறை மாற்றி, நிறத்தையே முன்னால் வைத்துக்கொண்டோம். தோடு அடகுக்குப் போனது யாருக்கும் மறக்கவில்லை. நான்கு மடலுக்குப் பின் கணக்குப் பார்ப்பது. திரும்பி வரும் சரக்கு குறையவில்லையானால் நிறுத்திவிடுவது என்பது சின்னம்மாவின் நிபந்தனை. அதனைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பதினால்வரும் கையொப்பமிட்டனர்.

பெங்களூருக் கடைக்கும் ஒரு தாள் போயிற்று. அங்கே தமிழ் பேசுவோர் பலருக்குத் தமிழ் படிக்க வராது என்பதை அப்போதுதான் அறிந்தோம். அதனால் அவர்களுக்குத் தாளின் கீழே, பெரியம்மாவின் குரலையே பதிவு செய்து கைப்பேசியில் அனுப்புகிறோம். ஆம், பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்ற அதே பெரியம்மாதான்! இரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொன்னால் ஐந்து நிமிடம் பேசுகிறார். நடுவில் ஆட்டுக்குட்டி கத்துவதும் கேட்கிறது. அதனை நீக்கிவிடலாமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். ஐப்பசி வரை அவர் எடுத்த சரக்கில் ஒரு பொட்டலமும் திரும்பவில்லை. இது மடலால்தானா, அவ்வாண்டு மழை குறைந்ததாலா என்று சின்னம்மா இன்னும் ஐயப்படுகிறார். ஒரே ஆண்டை வைத்துக்கொண்டு அவருக்கு விடை கூற எங்களால் இயலவில்லை.

எழுதுவது யார் என்ற வினாவுக்கும் ஒருவாறு வழி செய்தோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் தங்கையர் இருவர் இந்தச் சித்திரை முதல் எங்களுடன் உட்கார்ந்து எழுதுகிறார்கள். ஒருத்திக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மற்றவள் எழுத்துப் பிழை விடுவாள், ஆனால் அன்னையர் சொன்னதை ஒரு சொல் மாற்றமாட்டாள். இருவரில் யாரை முதன்மையாக வைப்பது என்பதில் எங்கள் ஐவருக்குள்ளேயே கருத்து வேறுபாடு. ஆடி மடலுக்கு இரண்டாமவளையே அமர்த்தியிருக்கிறோம். பிழை திருத்தும் வேலை முதலாமவளுக்கு.